ரிஜெக்ட்டை எங்கே கொண்டுபோய் முடிப்பது? திருப்பூர் சாயநீர் மறுசுழற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கிலோ பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்ற, ஆறு லிட்டர் தண்ணீரில் வேலையை முடிக்கும் சிக்கனமான இயந்திரத்தில்கூட, ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு போகும். லிட்டருக்கு 80 கிராம் என்ற கணக்கு. அந்த உப்பின் வேலை சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலிழைக்குள் தள்ளிவிடுவது மட்டும்தான். அது துணியில் தங்குவதில்லை. அலசும்போது போட்ட உப்பு மொத்தமும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீர்ப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். சாயநீரின் நிறத்தை எடுக்க வழி உண்டு. கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தொடாது. நுண்ணுயிர்கள் வேலை செய்யும் காற்றோட்டத் தொட்டிக்குள் எவ்வளவு போனதோ அவ்வளவும் அப்படியே மறுபக்கம் வரும். ஆற்றில் விடுவதற்கு அனுமதிக்கப்பட்ட கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சாயப்பட்டறைக் கழிவுநீர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு உப்போடு வருகிறது. கடற்கரை ஊராக இருந்தால் கதை வேறு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மிச்சமாகும் உப்புநீரைக் கடலுக்கே திருப்பி அனுப்புகின்றன. திருப்பூரிலிருந்து கடலுக்குக் குழாய் போடலாம் என்ற பேச்சும் பலமுறை எழுந்தது. பேச்சோடு நின்றது.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு என்ன ஆனது என்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலைமை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது பாசன விவசாயிகள், தொடர்ந்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரி 28 அன்று, நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்லி, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. 2011-இல் மூடப்பட்ட பொது நிலையங்களில் மெம்பிரேன் (உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் சவ்வு) இல்லாமல் இல்லை. அந்தச் சவ்வில் ஓடும் ஆர்.ஓ. இருந்தது, மிச்ச நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாபரேட்டரும் இருந்தது. ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தது, பட்டறைகள் அதை வாங்கிச் சாயம் போட்டன. மாட்டிக்கொண்டது மறுபக்கம் வந்த ரிஜெக்ட்டில், அதாவது ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்பு இறுகிய நீரில்தான்.

பத்து சதவீதத்தின் விலை

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பல்லடம் சாலையில் இருக்கும் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 55 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் (இது என் கணக்குக்கான எண்தான், அந்த நிலையத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்ததல்ல), ஒரு நாளைக்கு 33 டன் உப்பு உள்ளே வருகிறது.

ஆர்.ஓ. 90 சதவீதத் தண்ணீரை மீட்டால், மிஞ்சும் ரிஜெக்ட் 5.5 லட்சம் லிட்டர். உப்பெல்லாம் அதில் அடங்கும், லிட்டருக்கு 60 கிராம். இப்போது மெம்பிரேனில் அழுக்குப் பிடித்து மீட்பு 80 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று வைப்போம். ஆர்.ஓ. பக்கத்திலிருந்து பார்த்தால் பத்து சதவீதம்தானே குறைந்தது, பெரிய நட்டமாகத் தெரியாது. ரிஜெக்ட் பக்கம் வந்து பார்த்தால் 5.5 லட்சம் 11 லட்சமாகியிருக்கும். எவாபரேட்டர் 5.5 லட்சத்துக்குத்தான் வாங்கி வைத்தது.

அந்த 11 லட்சத்தையும் காய்ச்சியே தீருவேன் என்று நின்றால் என்ன ஆகும்? ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். நான்கு அடுக்கு எவாபரேட்டரில் ஒரே நீராவியை நான்கு முறை வேலை வாங்கலாம், ஆகவே சுமார் 275 டன் நீராவி போதும். ஒரு கிலோ விறகுக்கு 4 கிலோ நீராவி என்று தாராளமாகவே போட்டாலும், நாளுக்கு ஏறக்குறைய 70 டன் விறகு. ஒரே ஒரு நிலையத்துக்கு! மீட்பு 90 சதவீதமாக இருந்தால் இதில் பாதி. அதுவும் சின்னத் தொகை இல்லை.

சரி, வெயிலில் காயவைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொங்கு நாட்டு வெயிலுக்கு என்ன குறை. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று கொண்டால், ஒரு லட்சம் லிட்டர் ரிஜெக்ட்டுக்கு 20,000 சதுர மீட்டர், அதாவது ஐந்து ஏக்கர் பாத்தி வேண்டும். 5.5 லட்சத்துக்கு 27 ஏக்கருக்கு மேல். உப்பு கூடக்கூட ஆவியாகும் வேகம் குறையும். அப்புறம் ஐப்பசி மழை ஒரே இரவில் ஒரு வாரத்து வேலையைத் திருப்பிப் போட்டுவிடும்.

கட்டுக்கடங்காத தண்ணீர்

அளவு மட்டும் பிரச்சினை என்றால் பெரிய எவாபரேட்டர் வாங்கி முடித்திருக்கலாம். ரிஜெக்ட்டின் குணமும் மோசம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது உப்பு மட்டுமா பத்து மடங்காகிறது? உயிரியல் சுத்திகரிப்பில் மக்காமல் தப்பிய கரிமப் பொருள் லிட்டருக்கு 200 மில்லிகிராம் சி.ஓ.டி. (கரிம அழுக்கை அளக்கும் ஆக்சிஜன் தேவை) இருந்தால், ரிஜெக்ட்டில் அது 2,000. கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை 100 இருந்தால் 1,000. சிலிக்கா 20 இருந்தால் 200. சாதாரண பிஎச்சில் சிலிக்கா 120 மில்லிகிராமைச் சுற்றித்தான் கரைந்திருக்கும், மீதி எங்காவது ஒட்டத்தான் வேண்டும். கால்சியம் எவாபரேட்டர் குழாய்க்குள் கல்லாகப் படியும். கால்சியக் கல்லையாவது அமிலத்தில் கழுவலாம். சிலிக்காப் படிவம் அமிலத்துக்கு அசையாது. குழாயைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஏறக்குறைய கண்ணாடி.

நாற்றமும் நுரையும் தனி. துணியோடு பிணையாமல் நீரோடு வினைபுரிந்துவிட்ட சாயமும், சோப்பு வகைகளும், எண்ணெயும் கொதிக்கும்போது நுரைத்து மேலே ஏறி, ஆவியோடு சேர்ந்து, அதைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சருக்குள் போய்விடும். சுத்தமாக வர வேண்டிய கண்டென்சேட் நிறத்தோடு வரும். இன்னொன்று, உப்பு இறுக இறுகக் கொதிநிலை ஏறும். ஒவ்வோர் அடுக்குக்கும் கிடைக்க வேண்டிய வெப்பநிலை வித்தியாசத்தை இந்த ஏற்றம் தின்றுவிடுவதால், நன்னீரை வைத்துக் கணக்குப் போட்ட எவாபரேட்டர் இந்த நீரில் சொன்ன அளவு ஓடாது.

இத்தனையும் தாண்டிக் காய்ச்சி எடுத்தால் கிடைப்பது என்ன? சாதா உப்பு, சல்பேட், பைகார்பனேட், சாயம், கரிமக் கசடு எல்லாம் கலந்த பழுப்பு நிறத் தூள். ஊரில் இதற்கு மிக்ஸட் சால்ட் என்று பெயர். யாரும் வாங்க மாட்டார்கள். பெரும் செலவில் விறகெரித்து, விற்க முடியாத ஒரு பொருளை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை என்று அந்த முதல் தலைமுறை நிலையங்களைச் சொன்னால் அதில் மிகை இல்லை.

அருள்புரத்தில் மாறிய கேள்வி

மூடல் உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு பொது நிலையங்களுக்குச் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பணத்தைவிட முக்கியமானது, தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் அருள்புரம் நிலையத்தில் செய்து காட்டிய மாற்றம் என்பது என் கணிப்பு. அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ரிஜெக்ட்டை எப்படிக் காய்ச்சித் தீர்ப்பது. அருள்புரத்தில் கேட்டது, ரிஜெக்ட்டை ஏன் காய்ச்ச வேண்டும்?

யோசித்தால் நியாயம் புரியும். பட்டறை ஒருபக்கம் மூட்டை மூட்டையாக உப்பை வாங்கித் தண்ணீரில் கரைக்கிறது. மறுபக்கம் சுத்திகரிப்பு நிலையம் அதே உப்பு கரைந்த தண்ணீரை விறகெரித்துக் காயவைக்கிறது. காய்ந்த உப்பைப் பட்டறை மறுபடி கரைக்கப் போகிறது என்றால் நடுவில் இந்தக் கூத்து எதற்கு? ரிஜெக்ட்டிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டு, உப்புக் கரைசலாகவே, பிரைனாகவே பட்டறைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். லிட்டருக்கு 60 கிராம் உப்புள்ள பிரைன் நடுத்தர ஷேடுகளுக்கு அப்படியே போதும். வெளிர் ஷேடுக்குத் தண்ணீர் கலந்துகொள்ளலாம். கறுப்பு, கருநீலத்துக்குக் கொஞ்சம் உப்பு மேலே போட்டுக்கொள்ளலாம். எவாபரேட்டருக்கு மிச்சமாவது சிறு பகுதிதான்.

சொல்வது சுலபம். சாய மாஸ்டரின் இடத்தில் நின்று பாருங்கள். அவருக்கு லாட் லாட்டாக ஒரே ஷேடு வர வேண்டும். துளி வித்தியாசம் வந்தாலும் வாங்குபவர் துணியைத் திருப்பி அனுப்பிவிடுவார். மூட்டையில் வரும் உப்பு என்றும் ஒரே உப்பு. குழாயில் வரும் பிரைனில் நேற்று யாரோ போட்ட சிவப்பின் சாயல் மிச்சமிருந்தால்? கடினத்தன்மை 50-க்குப் பதில் 200 இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சோடா உப்பின் காரம் மிச்சமிருந்தால் சாயம் நினைத்த நேரத்துக்கு முன்பே பிணையத் தொடங்கிவிடும். அவர் தயங்கியதில் தவறே இல்லை.

ஆகவே பிரைனை மறுபடி பயன்படுத்துவது என்றால், நீரைச் சுத்திகரிக்கிறோம் என்ற மனநிலையை விட்டு, ஒரு மூலப்பொருளைத் தயாரிக்கிறோம் என்ற ஒழுக்கத்துக்கு நிலையம் மாற வேண்டியிருந்தது. மெம்பிரேனுக்கு முன்னாலேயே நல்ல உயிரியல் சுத்திகரிப்பு, நிறத்தை வெட்ட ஓசோனோ குளோரினோ, நிறம் பிடிக்கும் ரெசின், கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர், அல்ட்ரா வடிகட்டி. மெம்பிரேனுக்குப் பின்னால் ரிஜெக்ட்டுக்கு இன்னொரு சுற்று நிறநீக்கம், இன்னொரு சுற்றுக் கடினநீக்கம். ஓசோனைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அது நிறத்தைக் கொல்லும், சி.ஓ.டி.யைப் பெரிதாகக் குறைக்காது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று ஏமாந்து, எவாபரேட்டரில் நுரையோடு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

எந்த உப்பு என்பதுதான் எல்லாம்

இந்த நிகழ்விலிருந்து வெளியூர்ப் பொறியாளர் ஒருவர் ஒரே ஒரு பாடத்தை எடுத்துப்போக முடியும் என்றால், நான் மெம்பிரேனைச் சொல்ல மாட்டேன், எவாபரேட்டரையும் சொல்ல மாட்டேன். பட்டறை வாசலில் இறங்கும் உப்பு மூட்டையைச் சொல்வேன்.

சாயம் போட இரண்டு உப்பில் எதையும் பயன்படுத்தலாம்: கடலுப்பான சோடியம் குளோரைடு, அல்லது கிளாபர் சால்ட் என்று அழைக்கப்படும் சோடியம் சல்பேட். கடலுப்பு மலிவு, அதனால் அதுதான் நிறையப் போனது. மீட்டெடுக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

100 கிராம் தண்ணீரில் சோடியம் குளோரைடு பனிக்கட்டிக் குளிரில் 36 கிராம் அளவுக்குக் கரையும். கொதிக்கும் நீரிலும் 39 கிராம்தான். குளிர்வித்து அதைப் பிரிக்கவே முடியாது. சோடியம் சல்பேட் 32 டிகிரியில் ஏறக்குறைய 50 கிராம் கரையும், 10 டிகிரிக்கு இறக்கினால் 9 கிராம்தான் கரையும். மிச்சமெல்லாம் கண்ணாடிபோலப் படிகமாக விழும். இறுகிய பிரைனைச் சில்லரில் குளிர்வித்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் குளோரைடும் அழுக்கும் திரவத்தோடு ஒதுங்கிவிடும், கையில் கிடைப்பது மறுபடி சாயத்துக்குப் போடத் தகுந்த உப்பு. (அந்தப் படிகத்தின் எடையில் 56 சதவீதம் தண்ணீர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 32 டிகிரி தாண்டினால் தன் தண்ணீரில் தானே கரைந்துவிடும். சித்திரை மாதத்தில் மூட்டை ஈரமாகிக் கிடப்பதைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு.)

சல்பேட்டுக்கு இன்னும் இரண்டு வசதிகள். எடைக்கு எடை அதன் சவ்வூடு அழுத்தம் (ஆர்.ஓ. பம்ப் வெல்ல வேண்டிய எதிரழுத்தம்) கடலுப்பினுடையதில் ஏறக்குறைய பாதிதான், அதனால் ஆர்.ஓ.வை அதே பம்ப்பில் இன்னும் இறுக்கமாக ஓட்டலாம். நானோ வடிகட்டி சல்பேட்டைப் பிடித்து நிறுத்தும், குளோரைடைப் போகவிடும். கலந்து வந்த இரண்டையும் பிரிக்க இது ஒரு வழி.

ஆகவே திருப்பூரில் சல்பேட்டுக்கு மாறியது பட்டறைக்குள் நடந்த மாற்றம் என்றாலும், அதன் பலன் நிலையத்தின் கடைசி மூலையில் தெரிந்தது. கடலுப்பை நிறுத்திவிட்டோமே, குளோரைடு ஒழிந்தது என்று உட்காரவும் முடியாது. அது பின்கதவு வழியே வரும். ஆழ்குழாய்க் கிணற்று நீரிலேயே இருக்கும். பட்டறையின் சாஃப்ட்னரைக் கடலுப்பால் கழுவி உயிரூட்டினால், அந்தக் கழுவல் நீரில் வரும். குளோரின் போட்டு நிறம் எடுத்தால் அதில் வரும். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அமிலம். காரத்தன்மையைச் சரிசெய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அது குளோரைடாகக் கணக்கில் ஏறும். கந்தக அமிலம் ஊற்றினால் நாம் விற்க நினைக்கும் சல்பேட்டாகவே ஏறும். இந்த முடிவு பெரும்பாலும் அந்த வாரத்து அமில விலையைப் பார்த்துக் கொள்முதல் அலுவலகத்தில் எடுக்கப்படும். அதன் விளைவை மூன்று வாரம் கழித்துச் சில்லரில் நிற்பவர், படிகம் விழவில்லையே என்று தலையைச் சொறிந்தபடி அனுபவிப்பார்.

மூடிய வட்டத்தின் ஒழுகல்

பிரைனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மீதியைக் காய்ச்சி, குளிர்வித்து, கிளாபர் சால்ட்டையும் எடுத்தாயிற்று. அப்புறமும் கொஞ்சம் திரவம் மிஞ்சும். படிகம் எடுத்தபின் எஞ்சும் தாய்க்கரைசல். சுற்றிச் சுற்றி வந்த குளோரைடு, மக்காத கரிமம், சிலிக்கா, பைகார்பனேட் எல்லாம் அதில் குவிகின்றன. அதை மறுபடி எவாபரேட்டருக்கே அனுப்பலாம், எத்தனை முறை? ஒவ்வொரு சுற்றிலும் அழுக்கு ஏறி, ஒரு கட்டத்தில் சல்பேட்டின் தரத்தையே கெடுத்துவிடும். ஆகவே ஒரு பங்கை வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்ததை உலர்த்தினால், நாம் தப்பித்துவிட்டதாக நினைத்த அதே பழுப்பு மிக்ஸட் சால்ட்.

அளவு குறைந்திருக்கிறது, பொருள் மாறவில்லை. மேலே போட்ட கணக்கையே தொடர்ந்தால், வந்த 33 டன்னில் 90 சதவீதத்தைப் பிரைனாகவும் படிகமாகவும் மீட்டாலும் நாளுக்கு 3.3 டன் மிச்சம். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 990 டன். அது ஒரு நிலையத்தின் கணக்கு; திருப்பூரில் இன்று ஓடுபவை பதினெட்டுப் பொது நிலையங்கள், அவை தவிரத் தனி நிலையம் வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு.

உயிரியல் கசட்டையும் ரசாயனக் கசட்டையும் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்ப வழி இருக்கிறது. இந்த உப்பை அனுப்ப முடியாது. குளோரைடு சூளையில் படிந்து அடைத்துக்கொள்ளும். நிலத்தில் புதைக்கலாமா என்றால், புதைகுழி என்பது கரையாத பொருளுக்கான ஏற்பாடு. இது மழைநீர் பட்ட மறுகணமே கரைந்து, இத்தனை பாடுபட்டு எங்கிருந்து பிடித்தோமோ அந்த நிலத்தடி நீருக்கே திரும்பிவிடும்.

கிடங்கில் வைத்திருப்பதைத் தவிர இதற்கு நல்ல வழி இல்லை என்று சொன்னால் துறையில் சிலர் கோபப்படுவார்கள். மிக்ஸட் சால்ட்டைக் கரைத்து, வடிகட்டி, நானோ மெம்பிரேனில் பிரித்து மறுபடி இரண்டு உப்பாக்கலாம் என்பது உண்மை. வேதியியலில் தடையில்லை. ஆனால் ஒரு கிலோ சல்பேட் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதைவிடக் கூடுதலாகச் செலவழித்துத்தான் இந்தப் பழுப்புத் தூளிலிருந்து அதை மீட்க முடிகிறது என்றால் எந்த நிலையமும் தானாக முன்வராது. யாராவது அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். பட்டறையா, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமா, அரசா என்ற பேரம் இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால் அந்தத் தொகையைக் கிடங்கின் முனையில் தேடுவதைவிட அமிலம் வாங்கும் இடத்திலும் சாஃப்ட்னர் கழுவும் இடத்திலும் தேடுவது மலிவு. உள்ளே வராத ஒரு கிலோ குளோரைடு, பின்னால் ஒரு கிலோவுக்கும் அதிகமான மிக்ஸட் சால்ட்டைக் குறைக்கும், ஏனென்றால் அது வெளியேறும்போது தன்னோடு நல்ல சல்பேட்டையும் இழுத்துக்கொண்டுதான் போகிறது.

அதுவரை தார்ப்பாயும் தகரக் கூரையும்தான் காவல். மழைக்காலம் தொடங்கும் முன் எவாபரேட்டர் குழாயைக் கழுவுகிறார்களோ இல்லையோ, உப்புக் கிடங்கின் கூரைத் தகட்டை ஏறிப் பார்த்துவிடுவது நல்லது.